தறிக்காரர்களின் ஓவியர்

சுவர்களின் கதை – 11

1778 அக்டோபர் மாதம். மாட்ரிட் நகரின் சாந்தா பார்பரா வாயிலருகே இருந்த அரச நெசவாலையிலிருந்து ஓர் ஓவியம், வரைந்தவரிடமே திரும்பி வந்தது. ஓவியத்தில் அழகு குறைவு என்று யாரும் சொல்லவில்லை. இதை நெய்ய முடியாது என்றார்கள், அவ்வளவுதான்.

மூன்று மீட்டர் அகலத் துணியில் தைலவண்ண ஓவியம். பார்வையற்ற பாடகர் ஒருவர் தெருவில் கித்தாரை மீட்டிப் பாடுகிறார். பக்கத்தில் அவருக்கு வழிகாட்டும் சிறுவன். சுற்றி நின்று கேட்கும் கூட்டம், தண்ணீர் விற்கும் கறுப்பர் ஒருவர், பின்னால் மங்கலாக இன்னும் சிலர். சந்தைத் தெருவில் பாட்டுக்காரரைச் சுற்றிக் கூட்டம் கூடினால் எப்படி ஒருவர் நிழல் இன்னொருவர்மேல் விழுமோ, அப்படியே வரைந்திருந்தார் அந்த 32 வயது ஓவியர். எங்கே ஓர் உடல் முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புரியும், நூலுக்குப் புரியாது. நெசவாளருக்கு எல்லைக்கோடு வேண்டும். ஓவியர் சில மாற்றங்கள் செய்து திருப்பிக் கொடுத்தார்.

அவர் பெயர் பிரான்சிஸ்கோ கோயா. போரின் கொடூரங்களையும், தன் பிள்ளையையே விழுங்கும் சனிக்கடவுளையும் பின்னாளில் வரைந்த அதே கோயா. உலகம் அறிந்த அந்தக் கோயாவுக்கு முன்னால் இன்னொரு கோயா இருந்தார். 1775 முதல் 1792 வரை, நடுவில் சில இடைவெளிகளோடு, தறிக்கு மாதிரிப் படம் போட்டுக் கொடுத்த கோயா. இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது.

சென்ற இதழில் வெலாஸ்கெஸின் 'நூல் நூற்கும் பெண்கள்' ஓவியத்தைப் பார்த்தோம். முன்னால் இராட்டை சுழல்கிறது. பின்னறையில் ஒரு சித்திரக் கம்பளம் தொங்குகிறது. அந்தக் கம்பளத்தில் இருப்பது டிஷியன் தீட்டிய யூரோப்பாவின் கதை. மாட்ரிட்டில் இருந்த ஒரு நெசவுக்கூடத்தின் நிஜக் காட்சி என்றே நெடுங்காலம் எல்லோரும் அதை நம்பினார்கள். தேவதையோடு போட்டிபோட்டு நெய்து சிலந்தியாகச் சபிக்கப்பட்ட அரக்னேயின் கதை அது என்பது 1948-இல்தான் துலங்கியது. ஓவியம் நெசவைப் பார்க்கிறது, நெசவு ஓவியத்தைப் பார்க்கிறது. ஸ்பெயின் நாட்டு ஓவியத்தை அலங்காரக் கலையிலிருந்து பிரித்து, ஒன்றை அருங்காட்சியகத்திலும் மற்றதை அரண்மனைச் சாமான்களின் பட்டியலிலும் வைத்துவிட்டோம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வேலி இல்லவே இல்லை.

இன்னும் சொல்லப்போனால், மதிப்பு தலைகீழாக இருந்தது. அரசர்களின் கண்ணில் ஓவியத்தைவிடக் கம்பளம் எவ்வளவோ உயர்ந்தது. கம்பளியும் பட்டும் பொன்னிழையும் வெள்ளியிழையும் சேர்ந்த பண்டம். ஒரு சதுர மீட்டர் நெய்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். குளிர்ந்த கல்சுவரை மூடும், சுருட்டி வண்டியில் ஏற்றி அடுத்த அரண்மனைக்குக் கொண்டுபோகலாம், போர்க்களத்துக் கூடாரத்திலும் தொங்கவிடலாம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் (ஸ்பெயினுக்கு இவர் முதலாம் கார்லோஸ்) 1535-இல் துனிஸ் மீது படையெடுத்தபோது, யான் வெர்மெயென் என்ற ஓவியரைக் கப்பலிலேயே கூட்டிக்கொண்டு போனார். நேரில் பார்த்து வரைந்த அந்தப் படங்களை வைத்து, பிரஸ்ஸல்ஸில் வில்லெம் டி பன்னெமாக்கரின் தறிக்கூடம் 12 மாபெரும் கம்பளங்களை நெய்தது. 1548-இல் தொடங்கிய வேலை 1554-இல் முடிந்தது. இந்தக் காலத்து மன்னராக இருந்தால் படப்பிடிப்புக் குழுவை அழைத்துப் போயிருப்பார்.

கவனியுங்கள், நெய்தது பிரஸ்ஸல்ஸ். ஸ்பெயின் அல்ல. இன்றைய பெல்ஜியம் அடங்கிய ஃபிளாண்டர்ஸ் பகுதி ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தவரை, கம்பளம் வேண்டுமென்றால் அங்கே சொல்லி அனுப்பினால் போதும். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை வந்தது; ஃபிளாண்டர்ஸ் கைவிட்டுப் போயிற்று. ஸ்பெயினின் அரியணையில் புதிதாக ஏறியிருந்த பூர்போன் வம்சத்து ஐந்தாம் பிலிப்புக்கு, ஒரு பேரரசை இழந்த கவலையோடு சுவர்க் கவலையும் சேர்ந்துகொண்டது. பிரான்சில் தன் தாத்தா பதினான்காம் லூயி கோபெலின் நெசவாலையை நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஆண்ட்வெர்ப்பிலிருந்து யாகோபோ வந்தெர்கோத்தன் என்ற நெசவு விற்பன்னரை அவருடைய மகன்களோடு மாட்ரிட்டுக்கு வரவழைத்தார். 1720-களின் தொடக்கத்தில் சாந்தா பார்பரா நெசவாலை இயங்கத் தொடங்கியது இப்படித்தான். குடும்பத் தொழில், அப்பனுக்குப் பின் பிள்ளைகள், அவர்களுக்குப் பின் உறவினரான ஸ்டுயிக் குடும்பம்.

தொடக்க ஆண்டுகளில் ஆலையின் கற்பனை வறண்டுதான் கிடந்தது. டெனியர்ஸ் என்ற ஃபிளாண்டர்ஸ் ஓவியரின் கிராமத்துக் குடிகாரர்களையும் நடனக்காரர்களையும் திரும்பத் திரும்ப நெய்தார்கள். நாட்டை இழந்த பிறகும் அந்த நாட்டுக் குடியானவர்களே ஸ்பெயின் அரண்மனையின் சுவரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதை மாற்றியவர் மூன்றாம் கார்லோஸ். 1759-இல் நேப்பிள்ஸிலிருந்து வந்து முடிசூடியவர். வரும்போதே அங்கே தான் நிறுவியிருந்த பீங்கான் தொழிற்கூடத்தையும் தொழிலாளர்களோடு பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அராங்குவெஸ் அரண்மனையில் சுவர், கூரை எல்லாமே பீங்கானால் ஆன ஓர் அறை உண்டு. குரங்குகளும் பழங்களும் சீன உடை அணிந்த உருவங்களும் சுவரிலிருந்து எட்டிப்பார்க்கும். அந்தக் கூடத்தின் கைவேலைதான் அது. பார்க்க வியப்பாக இருக்கும். அதில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

மன்னர் 1761-இல் அழைத்துவந்த அன்டன் ரஃபேல் மெங்ஸ் என்ற பொஹீமிய ஓவியர், நெசவாலைக்கான மாதிரிகளின் பொறுப்பையும் ஏற்றார். பழைய டெனியர்ஸ் போதும், இனி ஸ்பெயினின் இளம் ஓவியர்கள் ஸ்பெயினின் காட்சிகளை வரையட்டும் என்றார்கள். பிரான்சிஸ்கோ பாயேயு, அவர் தம்பி ரமோன் பாயேயு, ஹோசே தெல் காஸ்தியோ என்று ஒரு குழு சேர்ந்தது. 1775-இல் அந்தக் குழுவில் பாயேயுவின் தங்கை கணவரும் சேர்ந்தார்.

கோயாவின் தகுதி அப்போது அதுதான்: பாயேயுவின் மைத்துனர். 1746-இல் அரகோன் பகுதியின் ஃபுயென்தெதோதோஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மாட்ரிட்டின் சான் ஃபெர்னாந்தோ கலைக்கழகப் போட்டியில் 1763-லும் 1766-லும் கலந்துகொண்டு இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். பிறகு சொந்தச் செலவில் இத்தாலி போய்வந்தார். ஆனால் அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரே வரியில் கடந்துபோகும் ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருடைய அப்பா ஹோசே கோயா பொன்முலாம் பூசும் தொழிலாளி. சரகோசா நகரில் பலிபீடங்களுக்கும் சட்டகங்களுக்கும் தங்கத்தகடு ஒட்டியவர். ஓவியத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே உயர்வு தாழ்வு பார்க்காத வீட்டில் வளர்ந்த பிள்ளை, தறிக்குப் படம் போட வந்ததில் வியப்பில்லை.

இந்த மாதிரிப் படங்களுக்கு 'கார்ட்டூன்' என்று பெயர். நமக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் நாளிதழின் கேலிச்சித்திரம் நினைவுக்கு வரும். இத்தாலிய மொழியில் கனத்த தாளுக்குப் பெயர் அது. சுவரோவியத்துக்கோ கம்பளத்துக்கோ முழு அளவில் வரைந்துகொள்ளும் மாதிரிக்கு ஆகிவந்தது. 1843-இல் லண்டனின் 'பஞ்ச்' இதழ், நாடாளுமன்றச் சுவர்களுக்கான மாதிரிகளின் கண்காட்சியைக் கிண்டல் செய்ய, தன் நையாண்டிப் படத்துக்கு அதே பெயரைச் சூட்டியது. கிண்டல் நிலைத்துவிட்டது, பழைய பொருள் மறைந்துவிட்டது. கோயா வரைந்தவை தாளில்கூட இல்லை. துணியில் தீட்டிய முழுநீளத் தைலவண்ண ஓவியங்கள்.

வேலை நடக்கும் விதம் இப்படி. அரண்மனைக் கட்டடக் கலைஞரிடமிருந்து அறையின் சுவர் அளவுகள் வரும். பெரிய சுவருக்கு ஒரு துண்டு, இரண்டு சன்னல்களுக்கு நடுவே ஒடுக்கமாக ஒன்று, மூலைக்கு இன்னும் ஒடுக்கமாக ஒன்று, கதவுக்கு மேலே குட்டையாக ஒன்று. சுவரில் இம்மியும் வெற்றிடம் தெரியாமல் முழுக்க மூடவேண்டும். கோயாவின் கார்ட்டூன்களில் சில தென்னைமரம்போல ஒல்லியாக உயர்ந்திருப்பதும், சில பாயை விரித்ததுபோல் நீண்டிருப்பதும் அவர் விருப்பத்தால் அல்ல. சுவர் இட்ட கட்டளை. முதலில் கைக்கு அடக்கமான ஒரு வண்ண வரைவு. அதை மன்னர் பார்ப்பார். ஒப்புதல் கிடைத்தபின் முழு அளவில் கார்ட்டூன். அது ஆலைக்குப் போகும்.

தறியில் நெசவாளர் கம்பளத்தின் பின்பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார். பாவு நூல்களில் உருவங்களின் கோட்டை முதலில் மையால் குறித்துக்கொள்வார்கள். நிமிர்ந்து நிற்கும் தறி என்றால் கார்ட்டூன் நெசவாளரின் முதுகுப்புறம் தொங்கும். திரும்பித் திரும்பிப் பார்த்து நிறத்தைத் தேர்ந்து ஊடையைக் கோக்கவேண்டும். முன்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று கண்ணாடி வைத்துத்தான் பார்க்கமுடியும். நம் ஊர்ச் சேலைபோல் ஊடை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடாது. நீல வானத்துக்கான நூல் வானம் முடியும் இடத்திலேயே திரும்பிவிடும். அங்கிருந்து மரத்தின் பச்சை தொடங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கண்டு. தூரிகை ஒரு நொடியில் இழுத்துவிடுகிற நிழலின் மாற்றத்துக்கு, நெசவாளர் ஐந்தாறு நூல்களுக்குச் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாகக் கலந்து நாட்களைச் செலவழிக்கவேண்டும். இந்த ஓவியர்கள் வரையும் பெண்களின் நாடாக்களும் சுருக்கு விளிம்புகளும் தலைவலைகளும் பொழுதையும் பொறுமையையும் தின்கின்றன, துணி மட்டும் வளரவில்லை என்று ஆலைக்காரர்கள் முறையிட்டார்கள். நியாயமான முறையீடு.

கோயாவின் முதல் வேலை 1775-இல். எல் எஸ்கோரியல் அரண்மனையில் பட்டத்து இளவரசரின் உணவறைக்கு வேட்டைக் காட்சிகள். நாய்கள், துப்பாக்கிகள், காடைப் பொறிகள். எல்லாம் பாயேயுவின் மேற்பார்வையில். அவற்றில் சொல்ல அதிகமில்லை. மைத்துனர் சொன்னதைச் செய்த மாப்பிள்ளையின் வேலை.

1776-இல் எல் பார்தோ அரண்மனையில் அதே இளவரசரின் உணவறை. இங்கேதான் பேனா அவர் கைக்கு வருகிறது. ஆலைக்குக் கொடுத்த விலைச்சீட்டில், இது தன் சொந்தக் கற்பனை என்று குறிப்பிடத் தொடங்குகிறார். மான்சனாரெஸ் ஆற்றங்கரையில் மாட்ரிட் மக்கள் துணி விரித்து உண்கிறார்கள், ஆடுகிறார்கள், விடுதி வாசலில் சீட்டாட்டத்தில் அடித்துக்கொள்கிறார்கள், பட்டம் விடுகிறார்கள். 1777-இல் வரைந்த 'குடை' இந்த வரிசையைச் சேர்ந்தது.

பிராதோ அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன் நிற்பவர்கள் முதலில் கவனிப்பது அதன் மகிழ்ச்சியை. மஞ்சள் பாவாடை விரிய, நீல ரவிக்கை அணிந்த பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சுருண்ட குட்டி நாய், கையில் விசிறி. பின்னால் நிற்கும் இளைஞன் பச்சைக் குடையைச் சாய்த்து அவள் முகத்தில் வெயில் விழாமல் பார்த்துக்கொள்கிறான். இப்போது தறிக்காரரின் கண்ணோடு பாருங்கள். உருவங்கள் இரண்டே இரண்டு. அவை சேர்ந்து ஒரு முக்கோணம். மஞ்சள், நீலம், பச்சை, செம்மை என்று நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாக. பின்னணியில் பெரும்பகுதி வெறும் வானம். நெசவாளர் மூச்சுவிட இடம். அடுத்து, உணவறையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணோடு பாருங்கள். இது கதவுக்கு மேலே தொங்கவேண்டிய துண்டு. அதனால்தான் தொடுவானம் தாழ்ந்திருக்கிறது, அவள் நமக்கு மேலே ஒரு மேட்டில் இருப்பதுபோலத் தோன்றுகிறாள். அருங்காட்சியகத்தில் கண்மட்டத்தில் மாட்டியிருப்பதால் இந்தக் கணக்கு நமக்குத் தெரிவதில்லை.

இத்தனை ஒழுங்குக்கும் நடுவே ஒரு குறும்பு செய்திருக்கிறார். குடையின் பச்சைத் துணி வழியாக வடிந்த ஒளி அவள் முகத்தின் மேற்பாதியில் ஒரு மெல்லிய நிழலாகப் படர்கிறது; கன்னத்துக்குக் கீழே வெயில். நூலில் இதைக் கொண்டுவருவது பெரும்பாடு. மற்ற எல்லாவற்றிலும் நெசவாளருக்கு விட்டுக்கொடுத்தவர், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

அதே அறைக்கு வரைந்த இன்னொரு படம், 'ஆண்டலூசியாவில் ஓர் உலா'. நீளப் போர்வையால் முகத்தை மூடி, அகன்ற தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஆண்கள் நடுவே ஒரு பெண் நடந்துவருகிறாள். இந்த உடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1766-இல் மூன்றாம் கார்லோஸின் அமைச்சர் எஸ்கிலாச்சே, முகத்தையும் ஆயுதத்தையும் ஒளிக்க உதவுகிறது என்று இதே நீளப் போர்வையையும் அகன்ற தொப்பியையும் தடை செய்தார். ரொட்டி விலையேற்றத்தால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த மாட்ரிட் தெருவில் இறங்கியது. மன்னரே தலைநகரைவிட்டு அராங்குவெஸுக்குப் போகவேண்டியதாயிற்று, அமைச்சர் நாடுகடத்தப்பட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து அதே மன்னரின் மகன், அதே உடைக்காரர்களைச் சுவரில் மாட்டிவைத்து அவர்கள் நடுவே உணவருந்தினார். மாஹோ, மாஹா என்று அழைக்கப்பட்ட தெருவாசிகளின் உடையும் மிடுக்கும் அப்போது மேட்டுக்குடிக்கே மோகமாகிவிட்டிருந்தது. சீமாட்டிகள் விருந்துக்கு மாஹா வேடம் போட்டு வந்தார்கள். தெருவில் கண்டு அஞ்சியதைச் சுவரில் கண்டு ரசித்தார்கள்.

தொடக்கத்தில் சொன்ன கித்தார்க்காரர் இதே காலத்தவர். எல் பார்தோவின் படுக்கையறைக்காக வரையப்பட்டவர். ஆலைக்காக ஓவியத்தை மாற்றிக்கொடுத்த கோயா, தன் முதல் கற்பனையை விட்டுவிடவில்லை. செப்புத் தகட்டில் அமிலம்கொண்டு அரித்து அச்செடுத்தார். அவருடைய அச்சோவியங்களிலேயே அளவில் பெரியது அதுதான். நெசவாலை மறுத்த இருளும் நெரிசலும் அந்த அச்சில் பத்திரமாக இருக்கின்றன. அதே 1778-இல் அவர் வெலாஸ்கெஸின் ஓவியங்களையும் செப்புத் தகட்டில் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் தறிக்கு வெளிச்சம், மறு கையால் தனக்கு இருட்டு. தெளிவான விளிம்பும் ஒரே பார்வையில் பிடிபடும் உருவமும் தறி கற்பித்த பாடம் என்று நான் நினைக்கிறேன். 36 ஆண்டுகள் கழித்து 'மே மூன்று' ஓவியத்தில் துப்பாக்கிகளுக்கு முன்னே வெள்ளைச் சட்டையோடு கைகளை விரித்து நிற்பவனைப் பாருங்கள். வெளிச்சம் பட்ட ஒரு திட்டு, அதற்கெதிரே இருண்ட ஒரு வரிசை. எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

1779 ஜனவரியில் மன்னரையும் இளவரசர் தம்பதியையும் நேரில் கண்டு ஓவியங்களைக் காட்டிக் கைமுத்தம் கொடுத்த பெருமிதத்தைத் தன் நண்பர் மார்த்தின் சப்பதேருக்கு எழுதினார். அடுத்த ஆண்டே, இங்கிலாந்தோடு நடந்த போரின் செலவைச் சமாளிக்க, கார்ட்டூன் வேலையை அரசு நிறுத்திவைத்தது. பீரங்கிக்கும் கம்பளத்துக்கும் ஒரே கஜானா.

வேலை திரும்பத் தொடங்கிய 1786-இல் கோயா மன்னரின் ஓவியர். ஆண்டுக்கு 15,000 ரியால் சம்பளம். எல் பார்தோவின் உணவறைக்கு நான்கு பருவங்கள். வசந்தத்துக்குப் பூக்காரிகள், இலையுதிர்காலத்துக்குத் திராட்சை அறுவடை என்பதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. கோடைக்கு வரைந்த 'களம்' ஆறு மீட்டருக்கும் மேல் நீளம், அவர் கார்ட்டூன்களிலேயே பெரியது. கதிரடிப்பவர்கள் ஓய்வெடுக்கிறார்கள், குழந்தைகள் வைக்கோலில் ஏறி விளையாடுகிறார்கள். என்னைக் கட்டிப்போடுவது குளிர்காலம். 'பனிப்பொழிவு'. வழக்கமாக ஐரோப்பிய அரண்மனைகளில் குளிர்காலம் என்றால் கணப்பருகே கைகாய்ச்சும் கிழவர்தான் வருவார். கோயாவின் படத்தில் மூன்று பேர் போர்வையைத் தலையோடு இழுத்துப்போர்த்திக்கொண்டு எதிர்க்காற்றில் குனிந்து நடக்கிறார்கள். வெட்டிய பன்றியைச் சுமந்த கழுதை பின்னால் வருகிறது. நாயின் வால் கால்களுக்கு நடுவே செருகியிருக்கிறது. ஸ்பெயின் அரசவை குளிர்காலத்தைக் கழிக்கும் அரண்மனையின் உணவறைச் சுவருக்கு, குளிரில் நடுங்குகிறவர்களை வரைந்து கொடுத்திருக்கிறார்.

அதே அறைக்கான ஒடுங்கிய நெட்டைத் துண்டு ஒன்றில் இன்னொரு காட்சி: சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரை இரண்டு பேர் தூக்கிப்போகிறார்கள். இதற்கு அவர் முதலில் போட்ட சிறு வரைவும் பிராதோவில் இருக்கிறது. அதில் தூக்கிப்போகிற இருவரும் சிரிக்கிறார்கள். நடுவில் இருப்பவர் அடிபட்டவரல்ல, குடிபோதையில் சாய்ந்தவர். முழு அளவில் வரையும்போது உடல்களின் நிலை மாறவில்லை, முகங்கள்தான் மாறின. கட்டட வேலையில் நேரும் விபத்துகள் குறித்து மூன்றாம் கார்லோஸ் பிறப்பித்த ஆணையோடு ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தைத் தொடர்புபடுத்துவார்கள். இருக்கலாம். ஆனால் சிரிப்பைத் துடைத்தால் துயரம் வரும் என்று கண்டுகொண்ட ஓவியரின் கை அங்கே தெரிகிறது. அது ஆணைக்காகக் காத்திருந்த கை என்று என்னால் நம்ப முடியவில்லை.

1788 மே மாதம், இளவரசிகளின் படுக்கையறைக்காக சான் இசித்ரோ திருவிழாவை வரையச் சொன்னார்கள். மாட்ரிட்டின் காவல் புனிதருக்கு மே 15-ஆம் நாள் ஊரே ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடும். ஏழு மீட்டருக்கும் அகலமாகத் தொங்கவேண்டிய கம்பளம். காட்சி கடினம், நேரம் குறைவு, தூக்கம் இல்லை என்று நண்பருக்குப் புலம்பினார் கோயா. வரைவு மட்டும் முடிந்தது. ஒரு மீட்டர்கூட அகலமில்லாத துணி. அதில் ஆற்றுக்கு அப்பால் அரண்மனையும் தேவாலயக் குவிமாடமும் வெளிறித் தெரிய, இக்கரையில் நூற்றுக்கணக்கான மனிதர்கள் பொட்டுப் பொட்டாக. நெய்வதற்குக் கொஞ்சமும் ஏற்றதல்ல. டிசம்பரில் மன்னர் இறந்துபோக, அந்த அறையின் அலங்காரம் கைவிடப்பட்டது. நெசவாளர்கள் தப்பித்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மரக்கரண்டியால் ஆளைத் தொடும் விளையாட்டை வரைந்த படம் மட்டுமே அந்த வரிசையில் கார்ட்டூனாக முடிந்தது.

இளவரசர் நான்காம் கார்லோஸ் ஆனார். கோயா 1789-இல் அரண்மனை அறை ஓவியராக உயர்ந்தார். அந்தப் பதவிக்குப் பிறகு தறிக்குப் படம் போடுவது அவருக்குக் கசந்தது. எல் எஸ்கோரியலில் மன்னரின் அலுவலறைக்கு நாட்டுப்புறமும் நகைச்சுவையுமான காட்சிகள் வேண்டும் என்று உத்தரவு வந்தும் அவர் அசையவில்லை. 1791-இல் ஆலையை நடத்திய லிவினியோ ஸ்டுயிக் மன்னரிடமே முறையிட்டார்: கோயா வரையவும் இல்லை, வரைய விரும்பவும் இல்லை, தறிகள் சும்மா கிடக்கின்றன. ஓவியரின் தன்மானம் ஒரு பக்கம், நெசவாளர்களின் கூலி மறுபக்கம். எனக்கு இருவர் மேலும் இரக்கம் வருகிறது. கோயா இறங்கிவந்தார்.

இறங்கிவந்தவர் அடக்கமாக வரவில்லை. கேட்டது நகைச்சுவை, கொடுத்ததில் முள் இருந்தது. 'திருமணம்' படத்தில் அழகான மணப்பெண்ணுக்குப் பின்னால் குரங்கு முகம் கொண்ட பணக்கார மாப்பிள்ளை நடந்துவருகிறார். சுற்றியிருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். 'வைக்கோல் பொம்மை' படத்தில் நான்கு பெண்கள் போர்வையை நான்கு மூலையிலும் பிடித்து, ஆண் உருவ பொம்மை ஒன்றைத் தூக்கிப்போட்டு விளையாடுகிறார்கள். பொம்மையின் கழுத்து தொங்குகிறது, கைகள் முறிந்தவைபோல் மடங்குகின்றன, முகத்தில் பூசிய சிரிப்பு அப்படியே இருக்கிறது. மன்னரின் அலுவலறையில் மாட்டவேண்டிய படம்.

அதுவே கடைசி வரிசை. 1792-இன் இறுதியில் தெற்கே பயணம் போனவர் கடும் நோயில் விழுந்தார். பிழைத்து எழுந்தபோது காது கேட்கவில்லை. தறிக்காக அவர் பிறகு ஒன்றும் வரையவில்லை.

கார்ட்டூன்களை யாரும் தேடவில்லை. நெய்து முடித்தபின் மாதிரிக்கு என்ன வேலை? அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுருட்டிவைக்கப்பட்டு ஆலையில் கிடந்தன. 1850-களில் அரண்மனையின் அடித்தளத்துக்குப் போயின. 1868-இல் புரட்சி நடந்து அரசி நாட்டைவிட்டு ஓடியபின், அரண்மனைச் சொத்துகளை ஆராய்ந்த கிரெகோரியோ குருசாதா வில்லாமில் என்ற கலை அறிஞர் அந்தச் சுருள்களைக் கண்டெடுத்தார். 1870-இல் அவர் கோயாவின் கம்பளங்களைப் பற்றி நூல் எழுதினார். அதே ஆண்டு கார்ட்டூன்கள் பிராதோவுக்கு வந்தன. அன்றிலிருந்து சுவருக்காக வரைந்த படங்கள் சட்டகத்துக்குள் தனிமனிதப் படைப்புகளாக நிற்கின்றன.

பல மடங்கு உழைப்பையும் பணத்தையும் விழுங்கிய கம்பளங்களைப் பார்க்க இன்று மாட்ரிட்டிலிருந்து வடமேற்கே ஒரு மணிநேரம் பயணம் செய்து எல் எஸ்கோரியலின் பூர்போன் அறைகளுக்குப் போகவேண்டும். போகிறவர்கள் குறைவு. அங்கே சுவர் முழுக்க நெய்த மனிதர்கள். கதவுக்கு மேலும் சன்னலுக்கு நடுவிலும் மூலையிலும். நெய்தவர்களின் பெயர்களைச் சுற்றுலாப் பயணிகள் கேட்பதில்லை. ஆலை 1889-இல் அட்டோச்சா அருகே புதிய கட்டடத்துக்கு மாறி இன்றும் இயங்குகிறது. மரத்தறிகளில் கையால்தான் நெய்கிறார்கள், பழைய கம்பளங்களைச் செப்பனிடுகிறார்கள்.

பழைய கம்பளத்தை இறக்கிச் செப்பனிடும்போதுதான் அதன் பின்பக்கம் வெளிச்சத்துக்கு வரும். இருநூறு ஆண்டு வெளிச்சத்தில் முன்பக்கத்தின் மஞ்சளும் பச்சையும் சோர்ந்திருக்கும். நெசவாளர் உட்கார்ந்து நூல் கோத்த பக்கத்தில், முடிச்சுகளுக்கும் தொங்கும் நூல்முனைகளுக்கும் நடுவே, சாயத்தொட்டியிலிருந்து வந்த நிறம் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மீண்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிடுவார்கள்.

(தொடரும்)